புழுவெட்டுக்கு ஸ்டீராய்டு: ஊசி, களிம்பு, மாத்திரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புழுவெட்டு என்று நாம் சொல்வதன் மருத்துவப் பெயர் அலோபீசியா ஏரியேட்டா. பெரியவர்களுக்கு அது வந்தால் முதலில் எழுதித் தரப்படுவது பெரும்பாலும் ஏதாவது ஒரு வடிவில் ஸ்டீராய்டுதான். அந்தப் பெயரைக் கேட்டதுமே எழும் சந்தேகங்கள் யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். இங்கே சொல்லும் அளவுகள் பதினெட்டு வயது கடந்தவர்களுக்கானவை. உங்களுக்கு எழுதிக் கொடுத்ததைப் புரிந்துகொள்ள இவை உதவும். நீங்களே மருந்து வாங்கிப் போட்டுக்கொள்வதற்கு அல்ல.

புழுவெட்டுன்னா உண்மையிலேயே பூச்சி ஏதாவது கடிச்சதா?

இல்லை, பெயரில் மட்டும்தான் புழு இருக்கிறது. கடிப்பது நம் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களே. வளர்ந்துகொண்டிருக்கும் மயிர்க்கால், எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் படாமல் ஒரு மறைவுக்குள் இருப்பது வழக்கம். அந்த மறைவு விலகிவிட்டால் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் வேரின் குமிழைச் சுற்றி மொய்க்கின்றன. நுண்ணோக்கியில் இது தேனீக் கூட்டம் போலத் தெரியும் என்பார்கள். வேர் திணறி முடியை மெலிதாக்குகிறது, முடி ஒடிந்து விழுகிறது.

புதிய முடியை உண்டாக்கும் மூல அணுக்கள் குமிழில் இல்லை, அதற்குச் சற்று மேலே இருக்கின்றன. தாக்குதல் அங்கே போவதில்லை. அதனால் வேர் சாவதில்லை, தூங்குகிறது. பல மாதம் வழுக்கையாகக் கிடந்த இடத்திலும் முடி திரும்புவது இதனால்தான்.

வீட்டுல மத்தவங்களுக்கு ஒட்டுமா?

ஒட்டாது. சீப்பு, தலையணை, துண்டு எதையும் பிரித்து வைக்க வேண்டியதில்லை.

இது புழுவெட்டுதான்னு எப்படி உறுதி பண்ணுவாங்க?

பெரும்பாலும் பார்த்தாலே தெரியும். காசு போல வட்டமாக, வழவழப்பாக இருக்கும். செதில் இருக்காது. உற்றுப் பார்த்தால் மயிர்த்துளைகள் தெரியும். திட்டின் ஓரத்தில் அரை விரற்கடை நீளத்தில் ஒடிந்த முடிகள் நிற்கும். அவற்றின் நுனி தடித்தும் அடி மெலிந்தும், ஆச்சரியக்குறி போல இருக்கும். தோல் உருப்பெருக்கியில் மஞ்சள் புள்ளிகளும் கரும்புள்ளிகளும் தெரியும். சிலருக்கு நகத்தில் குண்டூசியால் குத்தியது போலச் சிறு குழிகள் இருக்கும். நகத்தை யாரும் தானாகக் காட்டுவதில்லை. காட்டுங்கள்.

சிகிச்சைக்கு முன் இதை உறுதி செய்தாக வேண்டும், ஏனென்றால் ஆள்மாறாட்டம் நடக்கும். செதிலும் அரிப்பும் இருந்தால் அது பூஞ்சைப் படையாக இருக்கலாம். அதன்மேல் ஸ்டீராய்டு தடவினால் சிவப்பு மட்டும் அடங்கி, பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். மயிர்த்துளையே காணாமல் தோல் பளபளத்தால் அது தழும்பு விடும் வகை வழுக்கை. அதற்குத் தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், அவசரமும் அதிகம். பூச்சி அரித்த துணி போல அங்கங்கே உதிர்ந்திருந்தால் பாலுறவால் பரவும் மேகநோய்க்கான (சிபிலிஸ்) ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

ஸ்டீராய்டுன்னா ஜிம்முல உடம்பு ஏத்த போடுறாங்களே, அதானே?

அது வேறு. தசைக்காகப் போடுவது டெஸ்டோஸ்டிரோன் குடும்பத்தைச் சேர்ந்தது. பரம்பரை வழுக்கை உள்ளவர்களுக்கு அது முடி உதிர்வைக் கூட்டவே செய்யும். இங்கே பேசுவது கார்ட்டிகோஸ்டீராய்டு. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தினமும் சுரக்கும் கார்ட்டிசோலின் உறவு அது. இதனால் புஜம் பெருக்காது. நிறையச் சாப்பிட்டால் தொடைத் தசை இளைக்கவே செய்யும்.

இது நோயை வேரோட எடுத்துடுமா?

எடுக்காது. இந்த ஒரு பதிலை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். மொய்த்திருக்கும் அணுக்களை ஸ்டீராய்டு அடக்கி வைக்கிறது. அந்த அமைதியில் வேர் விழித்து முடியை வளர்க்கிறது. உடம்பின் அந்தக் குணம் மட்டும் மாறுவதில்லை. ஆகவே ‘எந்த ஸ்டீராய்டு வலுவானது?’ என்று கேட்பதைவிட, ‘மிகக் குறைந்த அளவை நேராக அந்த இடத்துக்கே கொண்டுபோவது எப்படி?’ என்று கேட்பதே பயன் தரும்.

ஒண்ணுமே பண்ணாம விட்டா தானா வளராதா?

வளரலாம். ஒன்றிரண்டு சிறு திட்டுகள் மட்டும் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே வளர்ந்துவிடுகிறது. ஆகவே காத்திருப்பதும் ஒரு நியாயமான முடிவுதான். ஏதோ ஒரு சாற்றைத் தேய்த்ததால் முடி வந்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தேய்க்காமல் இருந்திருந்தாலும் வந்திருக்கக்கூடும் என்பதுதான் விஷயம்.

காத்திருக்கக் கூடாத சூழ்நிலைகளும் உண்டு. வாரத்துக்கு வாரம் புதுத் திட்டு வருகிறது, காதுக்கு மேலிருந்து பிடரி வரை பட்டையாக உதிர்கிறது, நகம் சொரசொரப்பாகிவிட்டது, சிறு வயதிலேயே ஒருமுறை வந்திருக்கிறது, ஆஸ்துமாவோ தோல் அழற்சியோ கூடவே இருக்கிறது. இவை பிடிவாதமான நோயின் அடையாளங்கள்.

எனக்கு ஊசியா, களிம்பா, மாத்திரையா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

எவ்வளவு பரப்பில் உதிர்ந்திருக்கிறது, எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். பரப்பை அளக்க சால்ட் என்றொரு மதிப்பெண் இருக்கிறது. தலையின் மேற்பகுதிக்கு 40, பின்பகுதிக்கு 24, இரண்டு பக்கங்களுக்கும் தலா 18, மொத்தம் 100. பின்பகுதியில் பாதி உதிர்ந்திருந்தால் 12. மேற்பகுதியில் கால்பங்கு போயிருந்தால் 10. இரண்டும் சேர்த்து 22. கண்ணாடி முன்னால் நின்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஐம்பதுக்குக் கீழே, தனித்தனித் திட்டுகளாக இருந்தால் பெரியவர்களுக்கு ஊசியே முதல் தேர்வு. ஊசி வேண்டாம் என்பவர்களுக்கும், திட்டுகள் மிகச் சிறியதாக இருப்பவர்களுக்கும் களிம்பு. ஐம்பதைத் தாண்டினால் ஊசி குத்தி மாளாது, வேறு வழி யோசிக்க வேண்டும். மாத்திரை எங்கே பொருந்தும் என்பது தனிக் கதை, பின்னால் வருகிறது.

தலையில ஊசின்னா எப்படிப் போடுவாங்க? எத்தனை குத்து?

மருந்து ட்ரையம்சினோலோன் அசிட்டோனைடு. உச்சந்தலைக்கு மில்லிலிட்டருக்கு 2.5 முதல் 10 மி.கி. வரை பயன்படுத்துகிறார்கள், 5 மி.கி. என்பதே பரவலான தேர்வு. குப்பி 10 அல்லது 40 மி.கி. அடர்த்தியில் வரும். உப்புக் கரைசலோ மரத்துப்போகும் மருந்தோ சேர்த்து நீர்க்க வைப்பார்கள். 5க்குக் கொண்டுவர, 10 என்றால் சரிபாதி, 40 என்றால் ஒரு பங்குக்கு ஏழு பங்கு. ஊசி தலைமுடி போல மெல்லியது, 30 கேஜ், அரை அங்குல நீளம். ஒவ்வொரு குத்திலும் 0.05 முதல் 0.1 மி.லி., குத்துக்குக் குத்து சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி.

நாலு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத் திட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் பன்னிரண்டு குத்து. ஒவ்வொன்றிலும் 0.1 மி.லி. வீதம் போட்டால் உள்ளே போவது 6 மி.கி. மட்டுமே. ஒரு தடவைக்கு 20 மி.கி. தாண்டாமல் நிறுத்துவது வழக்கம், அதாவது இந்த அளவில் நாற்பது குத்து. நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுவார்கள்.

இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று குப்பி: இது கரைந்த மருந்தல்ல, நீரில் மிதக்கும் நுண்படிகம். குலுக்காமல் உறிஞ்சினால் முதல் குத்துகளில் வெறும் நீரும் கடைசிக் குத்துகளில் கெட்டி மருந்தும் போகும். இன்னொன்று ஆழம். மயிர்க்குமிழ் இருக்கும் தோலின் அடித்தட்டில் மருந்து இறங்க வேண்டும். சரியான ஆழத்தில் கைக்கு லேசான எதிர்ப்புத் தெரியும். மேல்தோல் வெளுத்துக் கொப்புளம் போல எழும்பினால் ஊசி மேலோட்டமாக நிற்கிறது. எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் கொழுப்புக்குள் இறங்கிவிட்டது.

ரொம்ப வலிக்குமா? மயக்கம் வருமா?

எறும்பு வரிசையாகக் கடிப்பது போல இருக்கும். நெற்றியோரமும் பிடரியும் கொஞ்சம் கூடுதலாக வலிக்கும். ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் களிம்பைத் தடவி மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி வைக்கலாம். குத்தும் முன் ஐஸ் வைப்பதும் நன்றாகவே உதவும். வலியைவிட பயத்தால் மயங்குபவர்களே அதிகம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், முன்பு எப்போதாவது ஊசிக்கு மயங்கியிருந்தால் முதலிலேயே சொல்லிப் படுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் ஓரிரு துளி ரத்தம் கசியும், பஞ்சை வைத்து அழுத்தினால் நிற்கும். தேய்க்க வேண்டாம். தலைக்குக் குளிப்பதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் சீழ்க்கட்டியோ புண்ணோ இருந்தால் அன்றைக்கு ஊசி கிடையாது.

ஊசி போட்டு மூணு வாரம் ஆச்சு, ஒரு முடி கூட வரலையே?

மூன்று வாரத்தில் வராது. தூங்கிய வேர் விழித்து, உள்ளே முடியைக் கட்டி, தோலுக்கு வெளியே தள்ளுவதற்கே நாலிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதன் பிறகு வளர்ச்சி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான். மருந்தை மாற்றினால் இந்த வேகம் மாறாது.

முதலில் முளைப்பது பூனைமுடி போல மெலிதாகவும் சில சமயம் வெள்ளையாகவும் இருக்கும். நரைத்துவிட்டதோ என்று பதற வேண்டாம், நிறம் பெரும்பாலும் பின்னால் ஏறும். ஊசி இறங்கிய புள்ளிகளில் மட்டும் குட்டிக் கொத்தாக முளைத்து, நடுவில் வெறுமையாக இருப்பதும் சகஜம். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. அடுத்த தடவை அந்த இடைவெளிகளில் குத்துவார்கள். ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டும் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் ஊசியை நிறுத்திவிட வேண்டும்.

ஊசி போட்ட இடம் பள்ளமாயிடுச்சு! நிரந்தரமா இப்படியே இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. ஸ்டீராய்டு அந்த இடத்தின் நாரையும் கொழுப்பையும் மெலியச் செய்கிறது, விரலால் தடவினால் சிறு குழி தட்டுப்படும். சில மாதங்களில் தானாக நிரம்பிவிடும். அபூர்வமாகத்தான் தங்கிப்போகும். மேலே சொன்ன இரண்டு தவறுகளும், ஒரே புள்ளியில் அடர்த்தியான மருந்தைத் திரும்பத் திரும்ப இறக்குவதும்தான் இதற்கு முக்கியக் காரணங்கள்.

பள்ளம் விழுந்த இடத்தில் அது நிரம்பும் வரை மறுபடி குத்தக் கூடாது. அடுத்த தடவை உட்காரும்போது அந்த இடத்தை விரல் வைத்துக் காட்டுங்கள். முடி வளர்ந்துவிட்டால் பள்ளம் கண்ணுக்குத் தெரியாமல் போய், போடுபவர் அதையே மறுபடி குத்த வாய்ப்பு உண்டு. சிலருக்குத் தோல் வெளுப்பதும், மெல்லிய ரத்த நாளங்கள் தெரிவதும் இதே வகைதான்.

புருவத்துலயும் தாடியிலயும் போடலாமா?

போடலாம், அடர்த்தியைக் குறைத்து. முகத்தோல் மெல்லியது என்பதால் மில்லிலிட்டருக்கு 2.5 மி.கி. போதும். ஒரு புருவத்துக்கு எல்லாக் குத்தும் சேர்த்து அரை மி.லி.யைத் தாண்ட மாட்டார்கள். கண்ணுக்குப் பக்கம் என்பதால் கண் அழுத்தம் கூடுவதும் கண்புரையும் கவனிக்க வேண்டியவை. கண் அழுத்த நோய் இருந்தால் முன்பே சொல்லுங்கள். இமைமுடிக்கு இந்த ஊசி கிடையாது.

களிம்பை எவ்வளவு தடவணும்? ஒரு ட்யூப் எத்தனை நாள் வரும்?

பெரியவர்களின் உச்சந்தலைக்கு வலுக்குறைந்த களிம்பால் பயனில்லை. க்ளோபெட்டசால் ப்ரோபியோனேட் 0.05 சதவீதம் போன்ற மிக வலுவான வகையே வேண்டும், நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு வேளை. முடி உள்ள இடத்துக்குக் களிம்பைவிட லோஷன் வசதி. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம், அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். உங்கள் திட்டு ஒரு உள்ளங்கை அளவு என்றால் வேளைக்குக் கால் கிராம். இரண்டு வேளை தடவினால் 30 கிராம் ட்யூப் அறுபது நாள் வரும். பதினைந்தே நாளில் தீர்ந்தால் அதிகம் தடவுகிறீர்கள். ஆறு மாதம் ஆகியும் தீரவில்லை என்றால், ஏன் முடி வரவில்லை என்பதற்குப் பதில் ட்யூபிலேயே இருக்கிறது.

திட்டைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் வரை தடவுங்கள், நோய் முன்னேறுவது ஓரத்தில்தான். எண்ணெய் வழியும் தலையில் மருந்து இறங்காது. தடவியதும் கையைக் கழுவுங்கள், நெற்றியில் வழிய விடாதீர்கள். அதிகம் வரும் தொல்லை, மயிர்க்கால்களில் சிறு சிறு சீழ்ப்பரு. வந்தால் சில நாள் நிறுத்தினால் அடங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது தோல் மெலிகிறதா என்று காட்டிவிட்டுத் தொடர வேண்டும்.

பூஞ்சை மருந்து, கிருமி மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்புகளை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். புழுவெட்டுக்கு முதல் இரண்டும் தேவையில்லை, பூஞ்சைக்கு மூன்றாவது ஆகாது.

கூடவே மினாக்சிடிலும் எழுதிக் குடுத்தாங்க. ரெண்டையும் சேர்த்துப் போடலாமா?

போடலாம், வேளையை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். மினாக்சிடில் 5 சதவீதக் கரைசல் தாக்குதலை நிறுத்தாது, விழித்த வேருக்கு ஊக்கம் தரும். தனியாக அதை மட்டும் போட்டுப் புழுவெட்டை மாற்றப் பார்ப்பது வீண்.

மொட்டை அடிச்சா நல்லா வளருமாமே?

கத்தி தோலுக்கு மேலே ஓடுகிறது, சண்டை தோலுக்குக் கீழே நடக்கிறது. அடிப்பதால் கெடுதலும் இல்லை, பலனும் இல்லை.

மாத்திரை சாப்பிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்ல? எதுக்கு இத்தனை குத்து?

ஊசிக்குப் பயந்து மாத்திரைக்குச் சம்மதிப்பவர்கள் நிறையப் பேர். கணக்கைப் பாருங்கள். மாத்திரையாகப் பெரும்பாலும் தரும் ஸ்டீராய்டு ப்ரெட்னிசோலோன். 4 மி.கி. ட்ரையம்சினோலோன் 5 மி.கி. ப்ரெட்னிசோலோனுக்குச் சமம். மேலே சொன்ன நாலு சென்டிமீட்டர் திட்டுக்கு மாதம் ஒருமுறை போட்ட 6 மி.கி., ப்ரெட்னிசோலோன் கணக்கில் 7.5 மி.கி. மாத்திரையாக எடுத்தால், கிலோவுக்கு அரை மி.கி. வீதம், 60 கிலோ உள்ளவருக்குத் தினமும் 30 மி.கி. அதே அளவில் ஒரு மாதம் போனால் 900 மி.கி. ஒரு காசு அளவு இடத்துக்காக அது உடம்பு முழுவதும் ஓடுகிறது: எலும்பு, கண், சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு. பயம் தப்பான இடத்தில் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

மாத்திரைக்கும் ஒரு வேலை உண்டு. தலை முழுக்க வேகமாக உதிரும்போது அந்த ஓட்டத்தை நிறுத்த, சில வாரம் கொடுத்து படிப்படியாகக் குறைப்பார்கள். முடி வரும், உண்மை. குறைக்கும்போதோ நிறுத்திய பிறகோ பலருக்கு மறுபடி கொட்டும், அதுவும் உண்மை. ஆகவே இதை வேறொரு நீண்டகால சிகிச்சை பலன் தரும் வரைக்கான பாலமாக வைத்துக்கொள்வது நல்லது. தினமும் 500 மி.கி. வீதம் மூன்று நாள் நரம்பு வழியாக மெத்தில்ப்ரெட்னிசோலோன் ஏற்றும் முறையும் இருக்கிறது. நோய் தொடங்கி ஆறு மாதத்துக்குள் இருப்பவர்களுக்கு அது ஓரளவு கைகொடுக்கும். பழைய, முழுவதும் உதிர்ந்த நோய்க்கு அவ்வளவாகப் பிடி கொடுக்காது.

வாரத்துல ரெண்டு நாள் மட்டும் சின்ன மாத்திரை. அதுல பக்கவிளைவு வராதுல்ல?

மினி பல்ஸ் என்கிற முறை இது. பீட்டாமெத்தசோன் அல்லது டெக்ஸாமெத்தசோன் 5 மி.கி., வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள். மாத்திரை சிறியது, சரக்கு சிறியதல்ல. டெக்ஸாமெத்தசோனில் 0.75 மி.கி. ப்ரெட்னிசோலோனில் 5 மி.கி.க்குச் சமம். அப்படியென்றால் 5 மி.கி. என்பது சுமார் 33. இரண்டு நாளைக்கு 66, வாரத்துக்குச் சராசரி போட்டால் தினமும் 9 மி.கி.க்கு மேல். தினசரி மாத்திரையைவிடத் தொல்லை குறைவு, ஆனால் முகம் உப்புவதும் எடை கூடுவதும் முகப்பருவும் இதிலும் வரும். மூன்று மாதம் என்று தொடங்கி வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

முடி வந்துடுச்சுன்னு மாத்திரையை நானே நிறுத்திட்டேன். தப்பா?

எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மூன்று, நாலு வாரத்துக்கு மேல் தினமும் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால், வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. அசதி, குமட்டல், எழுந்தால் தலைசுற்றல், மூட்டுவலி என்று தொடங்கும். காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ குறுக்கிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இவற்றில் ஏதாவது இருந்தால் இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். வாந்தியோ மயக்கமோ இருந்தால் அவசரப் பிரிவுக்கு.

உடம்பு தானாகச் சுரப்பது ஏறக்குறைய 5 மி.கி. ப்ரெட்னிசோலோனுக்குச் சமம். அதனால்தான் 30லிருந்து 10 வரை வேகமாகக் குறைத்தாலும், அதற்குக் கீழே மெதுவாக இறங்குவார்கள். சுரப்பி பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் பிடிக்கலாம், ஆகவே மாத்திரை முடிந்த பிறகும் எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னாலும் இதைச் சொல்லுங்கள்.

மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்ன டெஸ்ட் எடுக்கணும்?

எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை கட்டாயம். காசநோயும் மஞ்சள் காமாலை பி வைரஸும் உள்ளே ஒளிந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள், எதிர்ப்பு அடங்கினால் அவை தலைதூக்கும். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி எதுவும் போட வேண்டியிருந்தால் முதலிலேயே கேளுங்கள், அதிக அளவு சாப்பிடும்போது போட முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் போகும் என்றால் எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் சேர்ப்பார்கள். மாத்திரை காலையில், சாப்பாட்டோடு. இரவில் போட்டால் தூக்கம் கெடும்.

எனக்குச் சர்க்கரை இருக்கு. ஊசி போடலாமா?

போடலாம். சில நாள் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்கும், குத்துகள் குறைவாக இருந்தால் ஏற்றமும் குறைவு. மாத்திரைதான் சிக்கல். காலையில் போட்ட ப்ரெட்னிசோலோன் மதியத்திலிருந்து இரவு வரைதான் சர்க்கரையை ஏற்றும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் நல்ல எண்ணாகவே காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பாருங்கள்.

நான் கர்ப்பமா இருக்கேன். தொடரலாமா? ஊசி போட்ட மாசம் பீரியட்ஸ் மாறுதே, அதுவும் இதனாலயா?

புழுவெட்டு உயிருக்கு ஆபத்தான நோயல்ல என்பதால் கர்ப்ப காலத்தில் பெரும்பாலும் தள்ளிப்போடச் சொல்வார்கள். சிகிச்சையின் நடுவே கர்ப்பம் என்று தெரிந்தால் பதற வேண்டாம், ஊசியையும் களிம்பையும் பற்றி உடனே சொல்லுங்கள். மாத்திரையில் இருப்பவர்கள், மாத்திரையை நிறுத்துவது பற்றி மேலே சொன்ன காரணத்துக்காகத் தாங்களாக நிறுத்தக் கூடாது. மாதவிடாய் தள்ளிப்போவதும் இடையில் ரத்தம் படுவதும் ட்ரையம்சினோலோன் ஊசிக்குப் பிறகு சிலருக்கு வருவதுதான், தானாகச் சரியாகும். தள்ளிப்போனால் கர்ப்பமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேற நோய்க்கு மாத்திரை சாப்பிடுறேன். தலையில போடுற ஊசிக்கு அதெல்லாம் எதுக்குச் சொல்லணும்?

சொல்லியே ஆக வேண்டும். எச்.ஐ.வி. சிகிச்சையில் வரும் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட், பூஞ்சைக்குக் கொடுக்கும் இட்ராகொனசோல் போன்றவை கல்லீரல் ஸ்டீராய்டை உடைப்பதைத் தடுத்துவிடும். தலையில் போட்ட சிறு அளவே உடம்பில் வாரக்கணக்கில் தேங்கி, முகம் உப்பி, சுரப்பி அடங்கிப்போகும். மாத்திரையே சாப்பிடாதவருக்கு மாத்திரையின் பக்கவிளைவு வரும் விசித்திரம் இது.

ஆறு மாசம் ஊசி, களிம்பு எல்லாம் பார்த்தாச்சு. அடுத்து என்ன?

முதலில் நோய் சரியாகக் கண்டறியப்பட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும், மூன்றாவது கேள்விக்குச் சொன்ன பதில் இங்கே திரும்பவும் வேலைக்கு வரும். பிறகு ஸ்டீராய்டைக் கூட்டுவதை விட்டுப் பாதையை மாற்ற வேண்டும். டைஃபென்சிப்ரோன் என்ற வேதிப்பொருளை வாரம் ஒருமுறை தடவி, வேண்டுமென்றே லேசான ஒவ்வாமையை உண்டாக்கும் முறை பழையது. எதிர்ப்பு அணுக்களின் கவனத்தை வேரிலிருந்து திருப்பும் தந்திரம் அது.

புதியவை ஜாக் தடுப்பு மாத்திரைகள். எதிர்ப்பு அணுக்களுக்குள் சமிக்ஞை கடத்தும் ஜாக் என்ற நொதியை இவை தடுக்கின்றன. கடுமையான புழுவெட்டுக்கு பாரிசிடினிப் 2022லும், ரிட்லெசிடினிப் 2023லும், டியூருக்சோலிடினிப் 2024லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பாரிசிடினிப் 4 மி.கி. சோதனைகளில் 36 வாரத்தில் மூன்றில் ஒருவருக்குச் சற்று அதிகமானவர்களுக்குத் தலையில் 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் முடி இருந்தது. தொற்று, அக்கி, ரத்த நாளத்துக்குள் ரத்தம் உறைதல் ஆகிய ஆபத்துகளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், நிறுத்தினால் இதிலும் பலருக்குத் திரும்பும்.

இப்ப எல்லாம் வளர்ந்துடுச்சு. திரும்ப வருமா?

வரலாம். எப்போது, எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. வளர்ந்த இடத்தில் முன்னெச்சரிக்கையாக ஊசி போட்டுக்கொண்டே இருப்பதால் அடுத்த திட்டைத் தடுக்க முடியாது, தோல்தான் மெலியும்.

மாதம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், தலையின் நாலு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். புதுத் திட்டு கண்ணில் பட்டால் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள். ஓரத்து முடிகளைக் கொத்தாகப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நாலைந்து முடிக்கு மேல் கையோடு வந்தால் அது இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது, அந்த வாரமே காட்டுங்கள். ஒன்றும் வரவில்லை, அகலமும் கூடவில்லை என்றால் அடுத்த மாதப் படம் வரை பொறுக்கலாம்.